விட்டதைப் பிடிக்கத் துடிப்பவர்களுக்கு: கேள்வி பதில்

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆலோசகராக இருக்கிறேன். ஆன்லைன் ரம்மி, பந்தயம் பற்றி வந்த கேள்விகளில் கடைசியாக வந்ததை முதலில் எடுக்கிறேன். அது காத்திருக்கக் கூடாது.

கேள்வி (திருப்பூர், வயது 26): ஆறு லட்சம் போய்விட்டது. அப்பாவுக்குத் தெரியாது. வாழவே பிடிக்கவில்லை.

தம்பி, இதைப் படித்ததும் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்னும் அரசு உதவி எண். கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். பிறகு, இன்றிரவே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அப்பாவிடம் முடியாவிட்டால் அக்காவிடம், சித்தப்பாவிடம். தனியாக மட்டும் இருக்க வேண்டாம். ஆறு லட்சம் அடைக்கக்கூடிய கடன். உங்களைவிடக் கூடுதலாக இழந்தவர்கள் இன்று வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதை நான் பார்க்கிறேன்.

கேள்வி (சேலம், இல்லத்தரசி): என் நகையை விற்றுக் கடனை அடைத்தால் இனித் தொடவே மாட்டேன் என்று கணவர் சத்தியம் செய்கிறார். விற்கலாமா?

இப்போது வேண்டாம் அம்மா. அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் கடன் ஒரே நாளில் தீர்ந்தால், அடுத்த முறையும் யாராவது தீர்ப்பார்கள் என்று உள்ளுக்குள் பதிந்துவிடும். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் ஒரே தாலிக்கொடி மூன்று முறை அடகுக்குப் போனது. மூன்றாவது முறை அந்தப் பெண் மஞ்சள் கயிற்றோடுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

ஒரு நோட்டில் யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். முதலில் எழுதும் தொகை பெரும்பாலும் முழுத் தொகையாக இருக்காது. இரண்டு நாள் கழித்து, திட்டாமல், மறுபடி கேளுங்கள். சம்பளக் கணக்கை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் போனில் பணம் அனுப்பும் செயலிகள் வேண்டாம், கைச்செலவுக்கு ரொக்கம் போதும். கடன் அவர் சம்பளத்திலிருந்தே மாதாமாதம் அடையட்டும்.

கேள்வி (கோவை): மன உறுதி இருந்தால் நிறுத்திவிடலாம்தானே? இதையெல்லாம் நோய் என்பதா?

உலக சுகாதார நிறுவனம் இதை மது, போதைப்பொருள் பழக்கங்களோடு சேர்த்து நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. "ஒரே ஒரு சீட்டில் போய்விட்டது" என்பார்கள் பாருங்கள், அதை மனம் தோல்வியாகவே எடுத்துக்கொள்வதில்லை. கிட்டத்தட்ட ஜெயித்ததாக எண்ணி இன்னொரு ஆட்டம் கேட்கிறது. விட்டதைப் பிடிக்க மறுநாளும் உட்காருகிறீர்களா, ஆடியதை மறைக்கிறீர்களா, நிறுத்தினால் எரிச்சல் வருகிறதா? ஆமென்றால் உதவி தேடுங்கள்.

கேள்வி (மதுரை): ரம்மி திறமை ஆட்டம் என்று நீதிமன்றமே சொன்னதே? மருத்துவமனைக்குப் போனால் வழக்கு வருமா?

2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் அனைத்தையும் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தில் தண்டனை நடத்துபவர்களுக்கும், விளம்பரம் செய்பவர்களுக்கும், அதற்குப் பணப் பரிமாற்றம் செய்து தருபவர்களுக்கும்தான், ஆடி இழந்தவருக்கு அல்ல. பயமில்லாமல் வாருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): மாதம் 500 ரூபாய் என்று அளவு வைத்து ஆடினால்?

ஒருமுறை பிடி நழுவியவருக்கு அந்த 500 நிற்பதில்லை. முழுதாக விடுவதே எளிது.

கேள்வி (திருநெல்வேலி): மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு வாங்கி, மனநலப் பிரிவு என்று சொன்னால் போதும். முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான்: எப்போது ஆரம்பித்தது, எந்த நேரத்தில் கை போனைத் தேடுகிறது, தூக்கம் எப்படி. சம்பள நாளையும் நள்ளிரவையும் எப்படிக் கடப்பது என்று சேர்ந்து திட்டமிடுவோம். மனச்சோர்வோ குடியோ கூட இருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வாருங்கள். அந்தக் கடன் நோட்டையும் எடுத்து வாருங்கள்.