வால் எலும்பில் அடி: பழனிக்கு நடக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. கூட்டுறவு வங்கியில் காசாளர் வேலை. ஏழு வாரத்துக்கு முன்னால், கழுவி விட்டிருந்த மொட்டை மாடிப் படியில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே விழுந்தேன். படியின் விளிம்பு வால் எலும்பில் இடித்துவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். டாக்டர் வலி மாத்திரை கொடுத்து, "ஓய்வெடுங்கள், தானாகச் சரியாகும்" என்றார். முன்பு தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பேன். இப்போது வீட்டில் என்னை எழுந்திருக்கவே விடுவதில்லை, சோபாவில் உட்கார வைத்துவிடுகிறார்கள். வலி குறையவில்லை, எடை மட்டும் ஏறுகிறது. ஆபீசில் எங்கே வலி என்று சொல்லக் கூச்சப்பட்டு "இடுப்பு வலி" என்று சமாளிக்கிறேன். தைப்பூசத்துக்கு எங்கள் தெருக் குழு பழனிக்குப் பாதயாத்திரை போகும். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. நானும் போகலாமா, அல்லது இந்த வருடம் விட்டுவிட வேண்டியதுதானா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்)

பதில்: உங்கள் வீட்டார் அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் எந்த இடத்தில் அடிபட்டதோ அதன் மேலேயே உங்களை நாள் முழுக்க உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். கணுக்கால் சுளுக்கியவரைச் சோபாவில் உட்கார வைத்தால் அது ஓய்வு. உங்களுக்கு அது நேர் எதிர்.

வால் எலும்பு என்பது முதுகுத்தண்டின் கடைசித் துண்டு. மூன்று முதல் ஐந்து சிறிய எலும்புகள் சேர்ந்து உருவானது, பெரும்பாலோருக்கு நாலு. நிமிர்ந்து உட்காரும்போது உடம்பின் எடை பிருஷ்டத்தின் இரு பக்கமும் இருக்கும் இருக்கை எலும்புகளில் இறங்கும். பின்னால் சாய்ந்து சோபாவுக்குள் அமிழ்ந்தால் எடை வால் எலும்புக்கு வந்துவிடும். நிற்கும்போதும் நடக்கும்போதும் அதன் மேல் உட்காரும் அழுத்தம் இல்லை. அதனால் உங்கள் சந்தேகத்துக்கு முதல் பதில்: நடங்கள், உட்காருவதைக் குறையுங்கள். சோர்வாக இருந்தால் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு வாரம் ஆகியும் வலிக்கிறதே என்று பயப்பட வேண்டாம். வெறும் அடி என்றால் நாலு வாரத்தில் பெருமளவு குறையலாம். எலும்பு விரிசல் கண்டிருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை எடுக்கும். கை, கால் என்றால் மாவுக்கட்டு போட்டு அசையாமல் வைக்கலாம். இங்கே கட்டு போட வழியே இல்லை. தினமும் உட்கார்ந்து எழுந்து அதையே இடித்துக்கொண்டிருந்தால் நாள் இழுக்கத்தான் செய்யும். இந்த வலி ஆண்களைவிடப் பெண்களுக்கு ஐந்து மடங்கு அதிகம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பெண்களின் இடுப்பெலும்பு அமைப்பு அதற்கு ஒரு காரணம். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. மேலாளரிடம் "வால் எலும்பில் அடி" என்று நேராகவே சொல்லுங்கள். இடுப்பு வலி என்று சொன்னால் சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டு "நல்லா சாஞ்சு உக்காருங்க மேடம்" என்பார்கள், அதுதான் கூடாது.

சரி, காசாளர் வேலையில் உட்காராமல் முடியாது. உட்காரும் விதத்தை மாற்றலாம். நாற்காலியின் முதுகில் சாயாமல், இடுப்பிலிருந்து சற்று முன்னால் வாருங்கள். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்கட்டும், எடை தொடையில் இறங்கட்டும். கடையில் நடுவில் ஓட்டை போட்ட டியூப் மாதிரி வட்டக் குஷனைத் தருவார்கள். வாங்காதீர்கள். அது மூலத்துக்கு வாங்குவது. வால் எலும்பு பெரும்பாலும் அந்த ஓட்டைக்கு நேராக வராது, வளையத்தின் பின் விளிம்பிலேயே போய் உட்காரும். உங்களுக்கு வேண்டியது பின்பக்கம் வெட்டு விட்ட, முன்பக்கம் சரிந்த ஆப்பு வடிவக் குஷன். கிடைக்கும் வரை இரண்டு குளியல் துண்டுகளைத் தடிமனாக மடித்து, ஒவ்வொரு தொடைக்கு அடியிலும் ஒன்றாக வையுங்கள், நடுவிலும் பின்னாலும் இடைவெளி விட்டு. வால் எலும்பு எதையும் தொடாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்றுவிடுங்கள். வரிசையில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்காதீர்கள், நின்றுகொண்டே நோட்டு எண்ணலாம்.

எழும் நொடிதான் மிக மோசமாக வலிக்கும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பெரும்பாலோர் பின்னால் சாய்ந்த நிலையிலிருந்து கைப்பிடியை அழுத்தி, ஒரே மூச்சில் எழுவார்கள். அந்த நேரத்தில் எடை முழுக்க வால் எலும்பைக் கடந்துதான் போகிறது. அதற்குப் பதிலாக முதலில் நாற்காலியின் நுனிக்கு நகருங்கள். பாதங்களை முழங்காலுக்குக் கீழே உள்ளிழுங்கள். மார்பு தொடையை நோக்கிப் போகுமளவு முன்னால் குனியுங்கள், மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வரட்டும். பிருஷ்டத் தசையை லேசாக இறுக்கிக்கொண்டு, தொடையின் பலத்தில் எழுங்கள். உட்காரும்போதும் இதே வழியில் திரும்பி வாருங்கள், தொப்பென்று விழாதீர்கள். நாலைந்து நாளில் பழகிவிடும்.

இப்போது நடைக்கு வருவோம். பழைய ஒரு மணி நேரத்தை முதல் நாளே தொடாதீர்கள். பத்துப் பத்து நிமிடமாகக் காலை, மதியம், மாலை மூன்று வேளை, சமதளத்தில், கெட்டியான அடிப்பாகமுள்ள செருப்போ ஷூவோ போட்டு நடங்கள். காலை நீளமாக எட்டி வைக்க வேண்டாம். பிருஷ்டத்தின் பெரிய தசை வால் எலும்பின் ஓரத்திலும் பற்றியிருக்கிறது. நீளமாக எட்டு வைக்கும்போது அதுவும் இழுபடும். நடக்கும்போது லேசான வலி இருந்தால் பரவாயில்லை. பத்துக்கு மூன்று என்று நீங்கள் மதிப்பிடும் அளவுக்குள் இருக்கட்டும். அடுத்த நாள் காலையில் அது வழக்கமான அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் நேற்றைய நடை அதிகம், குறையுங்கள். இறங்கிவிட்டால் வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நடையிலும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். இரண்டரை மாதத்தில் பழைய ஒரு மணி நேரத்துக்கு வந்துவிட முடியும். அருகில் நீச்சல் குளம் இருந்தால் அதுவும் நல்லது.

சைக்கிளும் ஜிம் சைக்கிளும் இப்போதைக்கு வேண்டாம். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போவதைக் கண்டிப்பாகத் தவிருங்கள். முன்னால் ஓட்டுபவருக்காவது வேகத்தடை வருவது தெரியும், பின்னால் இருப்பவருக்கு அது வந்த பிறகுதான் தெரியும். படுத்தபடி வயிற்றை மடக்கி எழும் பயிற்சி, யோகாவில் நௌகாசனம், தரையில் வெகுநேரம் சம்மணமிட்டு உட்காருவது, இவற்றையும் தள்ளி வையுங்கள். கல்யாண வீட்டில் பந்தியில் தரையில் உட்காரச் சொன்னால், நின்று சாப்பிடும் பக்கத்துக்கு நகர்ந்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். மெத்தையில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். வலது கணுக்காலை இடது முழங்கால் மேல் வைத்து, இடது தொடையை இரு கையால் மார்பை நோக்கி இழுங்கள். பிருஷ்டத்தின் ஆழத்தில் ஒரு இழுப்புத் தெரியும், அரை நிமிடம் வைத்திருந்து விடுங்கள். மறு பக்கமும் செய்யுங்கள். அப்புறம் பாலாசனம்: மண்டியிட்டு, நெற்றியை மெத்தையில் வைத்து, கைகளை முன்னால் நீட்டி ஆழமாக மூச்சு விடுங்கள். மூச்சு உள்ளே போகும்போது வயிறும் இடுப்பின் அடித்தளமும் தளர்வதைக் கவனியுங்கள். வலிக்குப் பயந்து அந்த அடித்தளத் தசைகளைப் பலர் தங்களையறியாமல் நாள் முழுக்க இறுக்கிப் பிடித்திருப்பார்கள். அவை வால் எலும்பில் பற்றியிருப்பதால் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். இதனால்தான் இணையத்தில் பார்த்து, அந்தத் தசைகளை இறுக்கிப் பழகும் கீகல் பயிற்சியை ஆரம்பித்துவிட வேண்டாம் என்கிறேன். உங்களுக்குத் தேவை இறுக்கம் அல்ல, தளர்வு. மேலே சொன்ன இரண்டு பயிற்சியும் தினம் இருவேளை போதும். வலி நன்றாகக் குறைந்த பிறகு, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் பயிற்சியைச் சேர்க்கலாம்.

ஊரில் யாராவது "எண்ணெய் போட்டு நீவி, எலும்பைத் தட்டி உக்கார வச்சிடுவாங்க" என்பார்கள். அனுமதிக்காதீர்கள். மேலே இதமாகச் சூடு கொடுப்பது வேறு, எலும்பைப் பிடித்து இழுப்பது வேறு. ஏழு வாரம் ஆகிவிட்டதால் வெந்நீர்ப் பை ஒத்தடம் பத்துப் பதினைந்து நிமிடம் போதும், துணி சுற்றி வையுங்கள்.

மலச்சிக்கலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் கேட்பேன். முக்கும்போது இடுப்பின் அடித்தளத் தசைகளோடு வால் எலும்பும் அழுத்தத்துக்கு ஆளாகும். கடுமையான வலி மாத்திரைகள் சில மலத்தை இறுக்கிவிடும். தண்ணீர், கீரை, கொய்யா, தேவைப்பட்டால் டாக்டரிடம் கேட்டு இசப்கோல். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு அடியில் ஒரு சிறு ஸ்டூல் வைத்து முன்னால் சாயுங்கள்.

பாதயாத்திரை விஷயம். திண்டுக்கல்லிலிருந்து பழனி கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். பாதி வழியில் ஒட்டன்சத்திரம். உங்கள் நிலைமைக்கு நடையைவிட இடையில் உட்காரும் இடங்கள்தான் எனக்குக் கவலை. மண்டபத்தில் எல்லாரும் தரையில் கால் நீட்டி உட்காருவார்கள். நீங்கள் பாய் விரித்து ஒருக்களித்துப் படுங்கள். அன்னதானத்தில் நின்றே சாப்பிடுங்கள். தைப்பூசத்துக்கு மூன்று வாரம் முன்னால், வலி ஏறாமல் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் குழுவோடு கிளம்பலாம். முடியாவிட்டால் ஒட்டன்சத்திரத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். மலையேற படிக்கட்டைவிட யானைப்பாதை உங்களுக்கு இதம். திரும்பும்போது எல்லாரும் பஸ் ஏறுவார்கள். அதில் கடைசி வரிசை, பின் சக்கரத்துக்கு மேலே உள்ள சீட் இரண்டும் வேண்டாம். நடுவில் இடம் பிடித்து, துண்டுகளைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் இப்படிச் செய்தும் உட்கார முடியாத வலி அப்படியே இருந்தால், எலும்பு டாக்டரிடம் திரும்பப் போங்கள். நின்ற நிலையிலும் உட்கார்ந்த நிலையிலும் எடுக்கும் எக்ஸ்ரே உண்டு. உட்காரும்போது எலும்பு அளவுக்கு மீறி நகர்கிறதா என்பது அதில்தான் தெரியும். ஊசி போடும் சிகிச்சையும் இருக்கிறது. எலும்பை எடுக்கும் அறுவை சிகிச்சை மிகச் சிலருக்குத்தான், அதுவும் எல்லா வழியும் பார்த்த பிறகு.

இவற்றில் எது வந்தாலும் இரண்டு மாதம் காத்திருக்காதீர்கள்: காய்ச்சல், பிருஷ்டப் பிளவில் வீக்கம் அல்லது சீழ், மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் விடாத ராத்திரி வலி. தொடையின் உள்பக்கமோ ஆசனவாயைச் சுற்றியோ மரத்துப் போனால், கால் வலுவிழந்தால், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால் அதே நாளில் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், நள்ளிரவாக இருந்தாலும்.