உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் அன்றாடத் தருணம் உண்டா?

எல்லா மனிதர்களும் ஒரே நொடியில் ஒரே அன்றாடச் செயலைச் செய்வது சாத்தியமா என்ற கேள்விக்கு, மூச்சுவிடுதலைத் தவிர வேறெதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே என் பதில். நொடி அனைவருக்கும் ஒன்றுதான்; அதற்கு நாம் சூட்டும் பெயர்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. பூமி சுழல்வதால் எப்போதும் ஏறத்தாழப் பாதி உலகம் வெயிலிலும் மறுபாதி இருளிலும் இருக்கிறது. ஆகவே, ஒருவர் பல் துலக்கும் வேளையில் இன்னொருவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறார்.

பலர் கவனிக்காத செய்தி, தேதிகூட ஒன்றாக இருப்பதில்லை என்பது. உலகக் கடிகாரங்களுக்கெல்லாம் அடிப்படையான ஒருங்கிணைந்த உலக நேரப்படி (UTC) திங்கட்கிழமை காலை 10.30 மணியாகும்போது, அதைவிட 14 மணி நேரம் முந்திச் செல்லும், பசிபிக் பெருங்கடலிலுள்ள கிரிபாட்டி நாட்டின் கிழக்குத் தீவுகளில் செவ்வாய் பிறந்து அரை மணி நேரம் கடந்திருக்கும். உலக நேரத்தைவிட 11 மணி நேரம் பின்தங்கிய, அதே கடலிலுள்ள அமெரிக்க சமோவா தீவுகளிலோ ஞாயிறு இரவு 11.30 மணிதான். மக்கள் வாழும் நிலப்பரப்பில் மூன்று தேதிகள் இப்படி ஒருசேர நடப்பில் இருப்பது நாள்தோறும் ஒரு மணி நேரம் நிகழ்கிறது. புத்தாண்டின் நள்ளிரவும் இதே காரணத்தால் 25 மணி நேரத்தில் பரவியே வருகிறது.

நிலவு முழுமையடையும் கணமும் உலகுக்கே பொதுவானது. ஆனால், அப்போது பகலில் இருப்பவர்களுக்கு அது தெரியாது.