ஆபரேட்டராக இருந்து சூப்பர்வைசர் ஆனவர் மேற்பார்வையின் அடிப்படைகளை எங்கிருந்து கற்கத் தொடங்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இது: டிப்ளமோ மெக்கானிக்கல், சிஎன்சி மெஷினில் (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடுவது) ஏழு வருடம் ஆபரேட்டர், போன மாதம் ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள். பயிற்சி எதுவும் தரவில்லை. நேற்றுவரை தோளில் கைபோட்டுக் கேன்டீனுக்குப் போனவர்கள் இன்று சொன்ன வேலையைச் செய்வதில்லை. தொலைதூரக் கல்வியில் எம்பிஏ சேரலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம். எம்பிஏ கெட்ட படிப்பு என்று சொல்லவில்லை. பிற்பாடு பிளான்ட் ஹெட் ஆகிறபோது உதவும். ஆனால் காலை ஆறு மணி ஷிஃப்டில் இரண்டு பேர் சொல்லாமல் லீவு, ஒரு மெஷின் பிரேக்டவுன், கான்ட்ராக்டர் அனுப்பிய புதுப் பையன் வாசலில் நிற்கிறான் என்றால் அங்கே மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் பிரமிடு மாதிரியான எம்பிஏ பாடம் வேலைக்கு ஆகாது. நான் கோவைப் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது எண்பது வருடப் பழைய சமாச்சாரம்.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவசாலிகள் பலர் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். மெஷினையே பார்த்திராதவர்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டு உற்பத்தியைக் கூட்ட வேண்டும். அதற்காக 1940 முதல் 1945 வரை அந்த அரசு நடத்திய திட்டத்துக்கு ‘டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி’ என்று பெயர், டிடபிள்யூஐ என்பார்கள். பயிற்சி தொழிலாளிக்கு அல்ல, சூப்பர்வைசருக்கு. வேலையைச் சொல்லித் தருவது, ஆட்களோடு நடந்துகொள்வது, வேலை முறையைச் சீராக்குவது என்று முக்கியமான வகுப்புகள் மூன்று. ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வுகள், ஆகப் பத்து மணி நேரம்தான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முடித்தார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போனது. 1950-களின் தொடக்கத்தில் டொயோட்டா எடுத்துக்கொண்டது. இன்று நம் ஊர் கம்பெனிகள் ஜப்பான் முறை என்று சுவரில் ஒட்டிவைக்கிற பல விஷயங்களுக்கு ஒரு வேர் அங்கே இருக்கிறது.

அந்த மூன்றில் சொல்லித் தருவதைத்தான் நீங்கள் முதலில் பிடிக்க வேண்டும் என்பது என் கருத்து. பலர் ‘ஆட்களை எப்படி மேய்ப்பது’ என்பதில் தொடங்குவார்கள். உங்கள் பேச்சுக்கு மதிப்பு வரும் சுருக்கு வழி, ஒருவனுக்கு வேலையை ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பது. உங்களால் ரிஜெக்‌ஷன் குறைந்தவன் உங்களை எதிர்த்துப் பேசுவது அபூர்வம்.

நம் ஊரில் சொல்லித் தருவது எப்படி நடக்கிறது? “அண்ணன் பக்கத்துல நின்னு ரெண்டு நாள் பாரு” என்பதோடு முடிந்துவிடுகிறது. டிடபிள்யூஐ வகுப்பில் இதை உடைப்பதற்கென்றே ஒரு விளையாட்டு உண்டு. மின்விளக்கு வயரில் போடும் ஒரு முடிச்சை வாயால் மட்டும் விளக்குவார்கள். கேட்டவருக்குப் போட வராது. பேசாமல் செய்து மட்டும் காட்டுவார்கள், அப்போதும் வராது. பிறகு படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் எதைக் கவனிக்க வேண்டும், ஏன் என்று சொல்லிக் காட்டுவார்கள். வந்துவிடும்.

உங்கள் மெஷினுக்கே வருவோம். டர்னிங் சென்டர் என்கிற கடைசல் மெஷினில் ஜாப் லோட் செய்வது, அதாவது கடைய வேண்டிய துண்டை மாட்டுவது, ஆபரேட்டருக்கு ஒரே அசைவு. ஆனால் தாளில் எழுதிப் பாருங்கள். துண்டைப் பிடிக்கும் சக் ஜாவைத் துடைக்க வேண்டும், ஜாபை ஸ்டாப்பரில் ஒட்டி அமர்த்த வேண்டும், கிளாம்ப் செய்ய வேண்டும், கதவை மூடி சைக்கிள் ஸ்டார்ட் கொடுக்க வேண்டும். இதில் துடைப்பது ஏன்? ஸ்டாப்பருக்கும் ஜாபுக்கும் நடுவே ஒரு சின்ன சிப் (உலோகச் சீவல்) மாட்டினால் ஜாப் சாய்ந்து உட்காரும், நீளம் அவுட் ஆகும். புதுப் பையனுக்கு “நல்லா துடைடா” என்றால் பத்து பீஸ் வரை துடைப்பான். நடுவில் சிப் வைத்து ஒரு பீஸ் ஓட்டி, அவன் கையாலேயே அளக்க விட்டால் பிறகு நீங்கள் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. கிளாம்ப் செய்யப் பெடலை மிதிக்கும்போது விரல் எங்கே இருக்க வேண்டும் என்பதும் இப்படித்தான். அதைச் சொல்லாமல் விடுவதற்கு மன்னிப்பே கிடையாது.

முதலில் அவனைச் சகஜமாக்கி என்ன தெரியும் என்று கேட்பது, பிறகு செய்து காட்டுவது, பிறகு அவனைச் செய்யவிட்டு அவன் வாயாலேயே காரணத்தைச் சொல்ல வைப்பது, கடைசியில் தனியாக விட்டுவிட்டு அடிக்கடி எட்டிப் பார்ப்பது. நான்கே படிதான். அதில் மூன்றாவதைத்தான் எல்லோரும் தாவுவார்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் நம் பிள்ளைகள் “புரிஞ்சுது சார்” என்றுதான் சொல்வார்கள். அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். அவன் கற்கவில்லை என்றால் நீங்கள் சொல்லித் தரவில்லை என்று அர்த்தம். அந்த வகுப்புகளின் தாரக மந்திரமே இதுதான்.

இதோடு ஒரு அட்டவணையும் போடுங்கள். இடப்பக்கம் உங்கள் ஷிஃப்ட் ஆட்களின் பெயர், மேலே வேலைகள்: லோடிங், இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றுவது, ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) கொடுப்பது, கேஜ் வைத்துச் செக் பண்ணுவது. யாருக்கு எது தெரியும் என்று டிக். யார் லீவு போட்டால் லைன் நிற்கும் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று ஆடிட்டுக்காகப் பல கம்பெனிகளில் தொங்கவிட்டிருப்பார்கள். ஆடிட் முடிந்ததும் தேதிகூட மாறாது. நீங்கள் உங்களுக்காக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆட்கள். டிடபிள்யூஐ-யின் இரண்டாவது வகுப்பு சொல்வது இவைதான். செய்வது எப்படி இருக்கிறது என்று அவரவருக்குச் சொல்லிவிடுவது, நன்றாகச் செய்தால் அப்போதே பாராட்டுவது, பாதிக்கிற மாற்றத்தை முன்கூட்டியே சொல்வது, ஒருவரிடம் உள்ள திறமையை வீணாக்காமல் இருப்பது. இதெல்லாம் கேட்க சாதாரணமாகத்தான் இருக்கும். இதில் மூன்றாவதால்தான் பாதிச் சண்டை வருகிறது. எஞ்சினியர் புரோகிராமை மாற்றி சைக்கிள் டைமை (ஒரு பீஸுக்கு ஆகும் நேரத்தை) குறைத்திருப்பார், டார்கெட் ஏறியது போர்டைப் பார்த்துத்தான் ஆபரேட்டருக்குத் தெரியும். முந்தின நாளே நீங்கள் சொல்லியிருந்தால் முணுமுணுப்போடு போயிருக்கும்.

பழைய நண்பர்கள் விஷயம். தினமும் இருபது நிமிடம் லேட்டாக வரும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம், உங்கள் நெருங்கிய சிநேகிதர். கண்டும் காணாமல் இருந்தால் மற்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எல்லோர் முன்னாலும் கத்தினால் நட்பும் போச்சு, வேலையும் போச்சு. தனியாகக் கூப்பிட்டு விவரம் கேளுங்கள். பஸ் ரூட் மாறியிருக்கலாம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், வெறும் மெத்தனமாகவும் இருக்கலாம். கேட்டுவிட்டு உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவருக்கு ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்தால் அடுத்தவன் என்ன கேட்பான், உங்களுக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா, எச்ஆர் தர வேண்டிய அனுமதியா என்று யோசித்து முடிவெடுங்கள். ஒரு வாரம் கழித்து அந்த முடிவு பலன் தருகிறதா என்று பாருங்கள். ‘மச்சான்’ என்று கூப்பிடுவதை நிறுத்த வேண்டியதில்லை. வயதில் மூத்தவரை ‘அண்ணா’ என்று கூப்பிட்டுக்கொண்டே கறாராக வேலை வாங்கலாம். சட்டையை இன் பண்ணியதும் ‘வா, போ’ என்று மாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஷிஃப்டில்தான் மெஷின் அதிகமாக ‘ரிப்பேர்’ ஆகும்.

சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1948-இன் தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்தே வாரத்துக்கு 48 மணி நேரம்தான், அதற்கு மேல் போனால் இருமடங்குக் கூலி. “ஓடி (ஓவர்டைம்) கணக்கு அப்புறம் பார்த்துக்கலாம்” என்று நீங்கள் வாய்வார்த்தை கொடுக்காதீர்கள். ஒரு பெண் தொழிலாளி பாலியல் தொல்லை என்று புகார் சொன்னால் இருவரையும் உட்கார வைத்துப் பஞ்சாயத்து பண்ணாதீர்கள். 2013-இன் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அதற்கென உள்குழு இருக்க வேண்டும், புகார் அங்கேதான் போக வேண்டும். அவரிடம் அந்த வழியைச் சொல்வதும், புகார் கொடுத்ததற்காக ஷிஃப்டில் யாரும் அவரைச் சீண்டாமல் பார்ப்பதும் உங்கள் வேலை. தகராறு எதுவானாலும் அன்றே, தேதி நேரத்தோடு, யார் என்ன சொன்னார்கள் என்பதை அப்படியே எழுதி வையுங்கள். ‘திமிராகப் பேசினார்’ என்று எழுதினால் விசாரணையில் நிற்காது. பேசிய வார்த்தையை எழுதினால் நிற்கும்.

முறையை மேம்படுத்தும் மூன்றாவது வகுப்பை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். வந்த மாதமே லேஅவுட்டை மாற்றுகிறேன் என்று கிளம்பினால் ஆட்கள் ஒத்துழைக்க மாட்டார்கள்.

எங்கே படிப்பது? டிடபிள்யூஐ கையேடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம்தான், ஆனால் எளிமையானது. 1958-இல் தொடங்கிய தேசிய உற்பத்தித் திறன் கவுன்சிலும் தொழில் அமைப்புகளும் சூப்பர்வைசர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகின்றன. கம்பெனி செலவில் அனுப்பச் சொல்லி எச்ஆரிடம் மெயிலில் கேளுங்கள், வாய்மொழியாக வேண்டாம். போவதற்கு முன் உங்கள் ஷிஃப்டில் அதிகம் ரிஜெக்‌ஷன் ஆகும் ஒரு வேலையை மேலே சொன்ன மாதிரி தாளில் உடைத்து எழுதி எடுத்துப் போங்கள். அது இல்லாமல் போனால் மதியச் சாப்பாடும் சர்டிஃபிகேட்டும்தான் மிஞ்சும்.