சிறு விமானத்தில் பறப்புத் தரவுப் பதிவு: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் பயிற்சி விமானத்தில் கார்மின் ஜி1000 என்ற டிஜிட்டல் திரைக் கருவித் தொகுப்பு இருக்கிறது. எஸ்.டி. கார்டு செருகிப் பலமுறை பறந்தும் ஒரு கோப்புகூட வரவில்லை. கார்டு கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கார்டு நன்றாகத்தான் இருக்கும். ஒவ்வொரு திரையிலும் இரண்டு கார்டு ஸ்லாட்டுகள் உண்டு. பதிவு எழுதப்படுவது, வரைபடமும் இன்ஜின் விவரமும் காட்டும் மல்ட்டி ஃபங்ஷன் திரையின் மேல் ஸ்லாட்டில். கீழே இருப்பது நிலப்பரப்பு, தடைகள் பற்றிய தரவுத்தளக் கார்டு. அதை உருவவே வேண்டாம். மின்சாரம் வந்த பிறகு செருகிய கார்டைக் கருவி கண்டுகொள்ளாது. விமானத்தின் முழு மின்சாரத்துக்குமான மாஸ்டர் ஸ்விட்சைப் போடுவதற்கு முன்பே கார்டு உள்ளே இருக்க வேண்டும்.

அடுத்து ஃபார்மட்டை, அதாவது கார்டில் கோப்புகளை அடுக்கும் முறையைப் பாருங்கள். ஃபேட்32 தேவை. 64 ஜி.பி.யும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும். பழைய திரைகள் சில, 2 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டையே ஏற்பதில்லை. கார்டின் ஓரத்தில் இருக்கும் பூட்டுத் தாழ் கீழே இறங்கியிருந்தாலும் எழுத முடியாது. இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் மென்பொருள் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள். தொடக்ககாலப் பதிப்புகளில் பதிவு வசதியே கிடையாது.

பெரிய கார்டு வாங்கவும் தேவையில்லை. நொடிக்கு ஒரு வரி, வரிக்கு 500 பைட் என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு 1.8 எம்.பி.தான். 2 ஜி.பி.யில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் அடங்கும்.

பதிவு இடைவெளியை எத்தனை நொடிக்கு வைப்பது? குறைவாக வைத்தால் நினைவகம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது.

பதிவிலிருந்து எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இடைவெளியை அதுவே சொல்லிவிடும். ஆயில் வெப்பம், சிலிண்டர் தலை வெப்பம் எல்லாம் மெல்ல மாறுபவை. 5 நொடிக்கு ஒன்று என்றாலும் போக்கு தெரிந்துவிடும்.

மேக்னெட்டோ சோதனை அப்படியில்லை. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் கருவி மேக்னெட்டோ; இன்ஜினுக்கு இரண்டு உண்டு, ஒவ்வொன்றிலும் தனித்தனியே ஓட்டிப் பார்ப்பதே இந்தச் சோதனை. ஒரே மேக்னெட்டோவில் ஓடும்போது எரிப்பு தாமதமாவதால், வெளியேறும் வாயுவின் வெப்பம் எல்லா சிலிண்டர்களிலும் ஏற வேண்டும். ஒன்றில் மட்டும் ஏறாமல் சட்டென்று விழுந்தால், அங்கே ஸ்பார்க் பிளக்கோ அதன் ஒயரோ வேலை செய்யவில்லை. பல விமானங்களில் இருக்கும் ஜே.பி.ஐ. இ.டி.எம்.-700 இன்ஜின் மானிட்டர் தொழிற்சாலை அமைப்பில் 6 நொடிக்கு ஒருமுறைதான் எழுதும். நீங்கள் 5 நொடியில் சோதனையை முடித்தால் பதிவில் ஒரு புள்ளிகூட விழாமல் போகலாம். அந்தக் கருவியில் இடைவெளியை 2 நொடி வரை குறைக்கலாம், குறைத்துவிடுங்கள். ஒவ்வொரு மேக்னெட்டோவிலும் 15 நொடியாவது நில்லுங்கள். உணர்கருவி சூடேறி நிலைக்கவும் அந்த நேரம் வேண்டும்.

மிக்ஸ்சரை (காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை) மெல்லக் குறைத்து, எந்த சிலிண்டர் எந்த எரிபொருள் ஓட்டத்தில் உச்ச வெப்பத்தைத் தொடுகிறது என்று பார்க்கும் சோதனைக்கும் இதே விதிதான். லீவரை 20 நொடியில் இழுத்துவிட்டால் நான்கு சிலிண்டர்களின் உச்சங்களும் ஒரே வரியில் வந்து விழும். 2 நிமிடமாவது எடுத்து இழுங்கள்.

தரையிறங்கும்போது எவ்வளவு பலமாக மோதியது என்பதை நொடிக்கு ஒரு வரியில் தேடாதீர்கள். 60 நாட் வேகத்தில் விமானம் ஒரு நொடியில் 31 மீட்டர் ஓடிவிடுகிறது. சக்கரம் தொடும் அதிர்ச்சி நொடியின் சிறு பகுதியில் முடிந்துவிடும்; இரண்டு வரிகளுக்கு நடுவே அது தப்பிப் போகும். பதிவு சாதுவாக இருக்கிறது என்பதை வைத்து இறங்கு சக்கரப் பரிசோதனையைக் கைவிடுவது ஆபத்து. டைனன் ஸ்கைவியூ என்ற திரைக் கருவியைப் போல நொடிக்கு 16 முறை எழுதும் வசதி இருந்தால் இதற்கு அதைப் பயன்படுத்துங்கள்.

கோப்பின் தொடக்க வரிகளில் இடமும் நேரமும் காலியாக இருக்கின்றன. விரிதாளில் திறந்து சேமித்த பிறகு பகுப்பாய்வு நிரல் கோப்பை ஏற்பதில்லை.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களைப் பிடிக்கும்வரை முதல் வரிகள் காலியாகத்தான் இருக்கும். அது கோளாறில்லை. விரிதாளோ தேதியைத் தன் விருப்பப்படி மாற்றி எழுதும், அட்சரேகையின் தசமங்களைக் கத்தரிக்கும். மூலக் கோப்பை அப்படியே ஒரு கோப்புறையில் வைத்துவிட்டு நகலில் மட்டும் கை வையுங்கள். கருவியின் நேரத்தை உலகப் பொது நேரத்தில் வைப்பது நல்லது. நிரல் நீங்களே எழுதுவதானால் தரவை நெடுவரிசையின் பெயரை வைத்து எடுங்கள். மென்பொருள் புதுப்பித்தால் வரிசை எண் மாறக்கூடும்.

கருவியின் சீரியல் வெளியீட்டிலிருந்து (தரவை ஒரே ஒயரில் பிட் பிட்டாக அனுப்பும் முனை) தனிப் பதிவுப் பெட்டிக்கு இணைத்தேன். செய்திகள் பாதியில் அறுந்து வருகின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 9600 பாட், அதாவது நொடிக்கு 9600 பிட் வேகம் என்றால் ஒரு எழுத்துக்கு 10 பிட் போக, நொடிக்கு 960 பைட்தான் கடக்கும். எடுத்துக்காட்டாக, 74 பைட் செய்தி நொடிக்கு 16 முறை வந்தால் 1184 பைட். குழாய் கொள்ளாது. இரு பக்கமும் 115200 பாட் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் புரியாத எழுத்துகள்தான் கொட்டும்.

ஒயரில், அனுப்பும் முனை எதிர்ப்பக்கத்தின் பெறும் முனைக்குப் போக வேண்டும், தரை ஒயரும் பொதுவாக இருக்க வேண்டும். ஆர்.எஸ்.232 என்ற இந்த வகை சீரியல் வெளியீடு நேர், எதிர் என்று இருபுறமும் பல வோல்ட் ஆடும். 3.3 வோல்ட்டில் ஓடும் பதிவுப் பெட்டியின் சர்க்யூட் போர்டில் நேராகக் கொடுத்தால் உள்ளீடு கருகும்; மேக்ஸ்3232 போன்ற மாற்றிச் சில்லை நடுவே போடுங்கள். வகைச் சான்று (அந்த மாடலின் வடிவமைப்புக்கான அரசு அனுமதி) பெற்ற விமானமாக இருந்தால் ஒரு ஒயர் சேர்ப்பதும் மாற்றம்தான். உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

ஒவ்வொரு பயணத்திலும் கடைசிச் சில நொடிகள் பதிவில் இல்லையே? இதைக் கறுப்புப் பெட்டியாகக் கருதலாமா?

கருவி தரவைத் தற்காலிக நினைவகத்தில் சேர்த்து மொத்தமாக எழுதுகிறது. இன்ஜினை நிறுத்திய கையோடு மாஸ்டரை அணைத்தால் எழுதாத பகுதி போய்விடும். அரை நிமிடம் பொறுங்கள். பெரிய விமானங்களின் பதிவுப் பெட்டி 3400 ஜி (புவியீர்ப்பைப்போல 3400 மடங்கு) அதிர்ச்சியையும் 1100 டிகிரி செல்சியஸ் தீயையும் தாங்கும்படி சோதிக்கப்படுகிறது. உங்கள் எஸ்.டி. கார்டுக்கு அப்படி எந்தக் கவசமும் இல்லை. ஆகவே வாரம் ஒருமுறையாவது கோப்புகளை வெளியே நகலெடுத்துவிடுங்கள், எடுத்த கார்டை மறக்காமல் திரும்பச் செருகுங்கள்.