இது யார் முதுகு?

வணக்கம் சார்,

எங்கள் லைன் வீட்டில் குடியிருக்கும் அக்காவை அவர் வீட்டுக்காரர் போன மாதம் பெல்ட்டால் அடித்துவிட்டார். அன்று ராத்திரியே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஏ.ஆர். (விபத்துப் பதிவேட்டில் காயங்களை எழுதுவது) போட்டோம். திரும்பி வந்ததும் முதுகிலும் கையிலும் இருந்த காயங்களை ஒவ்வொன்றாகக் கிட்டே போய் என் போனில் எடுத்தேன். இப்போது வக்கீல் பார்த்துவிட்டு, "இது யார் முதுகு? காயம் எவ்வளவு நீளம்? ஒன்றும் தெரியவில்லையே" என்கிறார். அன்று லேசாகச் சிவந்திருந்த இடமெல்லாம் மூன்றாம் நாள்தான் கன்றிக் கருத்தது. அப்போது எடுத்தால் "இது அப்புறம் பட்ட அடி" என்பார்களோ என்று பயந்து விட்டுவிட்டேன். தடயவியலில் இருந்தவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன். இருக்கிற காயத்தை இருக்கிறபடி எடுத்தால் போதாதா?

பெயர் வேண்டாம், வியாசர்பாடி

அன்புள்ள வியாசர்பாடி வாசகிக்கு,

வக்கீல் மேல் கோபப்படாதீர்கள். குறுக்கு விசாரணையில் வரப்போகிற கேள்வியை அவர் இப்போதே கேட்டுவிட்டார். நல்லதுதான்.

காயம் நன்றாகத் தெரியட்டும் என்று கிட்டே போனீர்கள். யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கப்போகிறவர் அன்று அங்கே இல்லாதவர். உங்களை நம்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் அவருக்கு இல்லை. இது யார் உடம்பு, எந்தப் பக்கம், எந்த இடம் என்பது தெரிந்த பிறகுதான் அவருக்குக் காயமே கண்ணில் படும்.

கொலை நடந்த வீட்டுக்குப் போகிற போட்டோகிராபர் தெருவில் இருந்து ஆரம்பிப்பார். வாசல், கூடம், கூடத்தின் நாலு மூலை. அப்புறம் உடலும் பக்கத்தில் கிடக்கிற நாற்காலியும் ஒன்றாகத் தெரிகிற நடுத்தூரம். கிட்டத்துப் படம் கடைசியில்தான். அதையும் ஸ்கேல் இல்லாமல் ஒன்று, ஸ்கேல் வைத்து ஒன்று என்று எடுப்பார். ஸ்கேலுக்கு அடியில் எதையோ மறைத்தார்கள் என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாது. உடம்புக் காயத்துக்கும் இதே வரிசைதான்: முகத்தோடு ஆள், முழு முதுகு, அப்புறம் காயம்.

ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தியோடு செத்துப்போனவர்களில் ஹரிபாபு என்ற போட்டோகிராபரும் ஒருவர். அவர் கேமராவுக்குள் இருந்த ஃபிலிம்தான் வழக்குக்கு முதல் பிடியைக் கொடுத்தது. மாலையோடு நிற்கும் பெண் (மனித வெடிகுண்டாக வந்தவள்), அவள் பக்கத்தில் யார் யார், கொஞ்சம் தள்ளி நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் ஆள். யார் பக்கத்தில் யார் நின்றார்கள் என்பது அதில் இருந்தது. முகங்களை மட்டும் தனித்தனியாக எடுத்திருந்தால் அந்தப் படங்களுக்குப் பாதி உயிர்கூட இருந்திருக்காது.

ஸ்கேல் விஷயம். எங்கள் வேலையில் 'ட' மாதிரி மடங்கிய ஒரு ஸ்கேல் வைத்திருப்போம். 1988-ல் அமெரிக்காவில் பல் தடயவியலுக்காக, அதாவது உடம்பில் பல் கடித்த தடத்தை அளக்க, வடிவமைத்தது. அதில் வட்டங்கள் இருக்கும். படத்தில் வட்டம் முட்டையாக நீண்டிருந்தால் கேமரா சாய்ந்திருந்தது என்று தெரிந்துவிடும், திருத்தவும் முடியும். வீட்டில் பள்ளிக்கூட ஸ்கேலே போதும். ஆனால் தோலை ஒட்டி, காயத்தின் மட்டத்திலேயே வைக்க வேண்டும். போனும் காயத்துக்கு நேராக இருக்க வேண்டும். மிகவும் கிட்டே போனால் போன் லென்ஸ் நடுவில் இருப்பதை ஊதிப் பெரிதாக்கும். கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்வது மேல். பெல்ட், தடி மாதிரியான அடி பல சமயம் இரண்டு இணைகோடுகளாகப் பதியும், நடுவில் வெளுத்திருக்கும். அடி விழுந்த இடத்து ரத்தம் ஓரத்துக்குத் தள்ளப்படுவதால் அப்படி. அந்த அகலத்தையும் பெல்ட்டின் அகலத்தையும் ஒப்பிட முடியும், படத்தில் அளவு இருந்தால்.

மூன்றாம் நாள் எடுக்காமல் விட்டீர்களே, எனக்கு வருத்தம் அதில்தான். ஆழத்தில் கசிந்த ரத்தம் மேலே வர நேரமாகும். நெற்றியில் பட்ட அடி மறுநாள் கண்ணைச் சுற்றிக் கருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். டாக்டர்களுக்கு இது தெரியும், கோர்ட்டில் கேட்டால் சொல்வார்கள். முதல் நாள், மறுநாள், மூன்றாம் நாள் என்று அதே இடத்தை அதே வெளிச்சத்தில் எடுத்திருந்தால், ஏ.ஆரில் டாக்டர் எழுதியதோடு அது கோத்துக்கொண்டு போயிருக்கும்.

இன்னொன்று நம் தோல். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறத்தை வைத்துக் காயத்துக்கு வயது சொல்லும் பழைய பட்டியல் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. அங்கேயே அது சரியாக நிற்கவில்லை. 1991-ல் வந்த ஓர் ஆய்வு, மஞ்சள் தெரிந்தால் அடிபட்டுக் குறைந்தது 18 மணி நேரம் ஆகியிருக்கும் என்பதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. நம் கருத்த முதுகில் அந்த மஞ்சளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். 415 நானோமீட்டர் ஊதா ஒளி அடித்து, மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தால், வெறும் வெளிச்சத்தில் தெரியாத கன்றலும் தெரிகிறது. அதெல்லாம் ராத்திரி காஷுவாலிட்டியில் கிடைக்காது. ஜன்னலோரப் பகல் வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம் (எண்ணெய்த் தோலில் பளிச்சென்று அடித்துக் காயத்தையே அழித்துவிடும்), ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள். டியூப்லைட்டின் பச்சைச் சாயத்தைப் பிறகு சரிபார்க்க அந்தத் தாள் உதவும். பியூட்டி மோடை அணைத்துவிட வேண்டும். பருவையே விட்டுவைக்காத போன் கன்றலை விட்டுவைக்குமா?

இனி செய்யக்கூடியது. எடுத்த படங்கள் வீண் இல்லை. ஒவ்வொன்றிலும் மச்சம், பழைய தழும்பு, அம்மைத் தழும்பு, வளையல் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அந்த அக்கா சம்மதித்தால், முகமும் அதே மச்சமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி இப்போது படம் எடுங்கள். பெண் போலீஸோ பெண் டாக்டரோ முன்னால் எடுத்தால் இன்னும் நல்லது. யார் முதுகு என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும்.

வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியிருந்தால், அது சுருங்கிப்போன நகல். எடுத்த தேதி, நேர விவரம் அதில் இருக்காது. மூலப் படம் உங்கள் போனில் இருப்பதுதான். அதில் வட்டம் போடுவது, அம்புக்குறி போடுவது, வெட்டுவது எதுவும் வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, நகலைக் கொடுத்தால் கூடவே ஒரு சான்றிதழும் தர வேண்டும். பழைய இந்திய சாட்சிய சட்டத்தின் 65பி பிரிவுக்குப் பதிலாக வந்தது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், அதன் கைரேகை மாதிரியான ஓர் எண் அது. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த மதிப்பு வேறாகிவிடும். எடுத்தவர் நீங்கள் என்பதால் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியவரும் பெரும்பாலும் நீங்கள்தான்.

தெரு குரூப்பில் அந்தப் படங்களைப் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்த அக்காவின் முதுகு ஊர் பார்ப்பதற்கு இல்லை. வழக்கு முடியும்வரை போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். ஸ்கிரீன் உடைந்து ரிப்பேருக்கு ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்கு எடுத்துப்போனாலும் ரீசெட் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நின்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.