கதவை மூடினால் வருகை நிற்குமா? குடிபெயர்வு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: வறுமைதான் மக்களை நாடு விட்டு நாடு போக வைக்கிறது என்கிறார்கள். அப்படியானால் ஏழை நாடுகள் கொஞ்சம் முன்னேறிவிட்டால் குடிபெயர்வு தானாகக் குறைந்துவிடும் அல்லவா?

பதில்: முதலில் கூடும். பிறகுதான் குறையும். பரம ஏழைக்கு எல்லை தாண்டும் வசதியே கிடையாது. பாஸ்போர்ட், விசாக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, டிக்கெட், முதல் சம்பளம் வரும்வரை கைச்செலவு என்று எல்லாவற்றுக்கும் பணமோ, நம்பிக் கடன் தர ஓர் ஆளோ வேண்டும். மழை பொய்த்தால் நிலமில்லாதவர் பக்கத்து நகரத்துக்குக் கூலி வேலைக்குப் போவார். அடகு வைக்க நிலம் உள்ளவரின் பிள்ளைதான் விமானம் ஏறுவான்.

நாடுகளின் விலைவாசி வித்தியாசத்தைச் சரிசெய்து, வாங்கும் சக்தியில் கணக்கிட்ட தலா வருமானம் ஏறத்தாழ 10,000 டாலரைத் தொடும்வரை, வருமானம் கூடிய நாடுகளில் வெளியேறுவோர் விகிதமும் கூடுதலாக இருக்கிறது. அதைத் தாண்டிய நாடுகளில்தான் விகிதம் இறங்குகிறது. பல நாடுகளின் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டுப் பொருளியலாளர்கள் கண்டது இது. பள்ளிப் படிப்பு பரவுகிறது, ஆனால் படிப்புக்கேற்ற வேலை உள்ளூரில் அதே வேகத்தில் வருவதில்லை. குழந்தை இறப்பு குறைந்த தலைமுறை ஒரே சமயத்தில் வேலை தேடும் வயதை எட்டுகிறது. கையில் பயணச் செலவுக்குப் பணமும் இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் 2007-க்குப் பிறகு வெகுவாகக் குறைந்ததற்கு அமெரிக்கப் பொருளாதாரச் சரிவு ஒரு காரணம். இன்னொன்று, 1970 வாக்கில் ஒரு பெண்ணுக்கு ஏழு குழந்தைகள் அளவில் இருந்த பிறப்பு விகிதம் இரண்டை ஒட்டி இறங்கியது. வேலை தேடும் இளைஞர்களே குறைந்துவிட்டார்கள்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். போகும் நாட்டில் வேலை இல்லாமல் யாரும் கடன் வாங்கிக்கொண்டு கிளம்புவதில்லை. முதியோர் இல்லங்கள், கட்டடப் பணி, பழத்தோட்டம், இறைச்சிக் கூடம் என்று உள்ளூர் ஆள் வரத் தயங்கும் வேலைகள் பணக்கார நாடுகளில் நிரந்தரமாக இருக்கின்றன. முதலில் போனவர் அறை பார்த்து வைப்பார், மேஸ்திரியிடம் சொல்லி வைப்பார். அடுத்தவருக்குச் செலவும் பயமும் பாதியாகிவிடும். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே நகரத்தில் குவிவது இப்படித்தான்.

2015-இல் மால்டாவின் தலைநகர் வலெட்டாவில் நடந்த மாநாட்டில் ஐரோப்பிய ஒன்றியம் ஆப்பிரிக்காவுக்கென நிதியம் ஒன்றைத் தொடங்கியபோது, குடிபெயர்வின் மூலகாரணங்களைத் தீர்ப்பதே நோக்கம் என்று அறிவித்தது. அந்த உதவி தேவையானதே. ஆனால் அதனால் சில ஆண்டுகளில் வருகை குறையும் என்று வாக்காளர்களிடம் சொல்வது தவறான வாக்குறுதி. ஐ.நா. கணக்குப்படி 2024-இல் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்பவர்கள் 30.4 கோடி பேர், உலக மக்களில் 3.7 விழுக்காடு. நூற்றில் தொண்ணூற்றாறு பேர் தங்கள் நாட்டிலேயே இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: பல நாடுகளில் தேர்தல் பேச்சே வெளிநாட்டவர் வருகையைப் பற்றித்தான். சட்டத்தைக் கடுமையாக்கி அடைத்துவிட்டால் எண்ணிக்கை குறைந்துவிடாதா?

பதில்: உள்ளே வருபவர்களை மட்டும் எண்ணினால் குறையும். அரசுகள் எண்ணத் தவறுவது திரும்பிப் போகிறவர்களை. போய், சம்பாதித்து, ஊர் திரும்பி, தேவைப்பட்டால் மறுபடி போகலாம் என்பதுதான் பலரின் திட்டம். ஊருக்குப் போனால் மறுபடி வர முடியாது என்று தெரிந்துவிட்டால் யார் ஊர் திரும்புவார்கள்?

மேற்கு ஜெர்மனி 1955-இல் இத்தாலியோடும் 1961-இல் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டு 'விருந்தினர் தொழிலாளர்களை' வரவழைத்தது. எண்ணெய் நெருக்கடி வந்ததும் 1973 நவம்பரில் ஆள் எடுப்பதை நிறுத்தியது. அப்போது அங்கே ஏறத்தாழ 40 லட்சம் வெளிநாட்டவர். 1980-இல் 44 லட்சத்துக்கும் மேல். இத்தாலியர்களுக்கு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) விதிப்படி வந்து போகும் உரிமை இருந்ததால் பலர் கவலையில்லாமல் ஊர் திரும்பினார்கள். துருக்கியருக்கு அந்த உரிமை இல்லை. அதனால் பலர் தங்கிவிட்டார்கள், மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டார்கள். தற்காலிகமாக வந்தவர்களை நிரந்தரமாக்கியது அந்தத் தடைதான்.

தடை வரப்போகிறது என்ற பேச்சே கூட்டத்தைக் கூட்டும். காமன்வெல்த் நாடுகளிலிருந்து வருவோரைக் கட்டுப்படுத்தும் பிரிட்டிஷ் சட்டம் 1962 ஜூலையில் அமலுக்கு வந்தது. 1960-இல் சுமார் 58,000 ஆக இருந்த நிகர வருகை (வந்தவர்களிலிருந்து திரும்பிப் போனவர்களைக் கழித்தது) 1961-இல் 1,36,000 ஆனது. பிறகு வரலாம் என்றிருந்தவர்களும் முந்திக்கொண்டார்கள்.

அமெரிக்கா 1942 முதல் 1964 வரை மெக்சிகோத் தொழிலாளர்களைப் பருவகால ஒப்பந்தத்தில் தோட்ட வேலைக்கு அழைத்தது. திட்டத்தை நிறுத்திய பிறகும் பழம் பழுத்தது, பறிக்க ஆள் தேவைப்பட்டது. அதே தோட்டங்களுக்கு ஆவணமில்லாத தொழிலாளர்கள் வந்தார்கள். 1986-இல் 27 லட்சம் பேருக்குச் சட்ட அந்தஸ்து தந்துவிட்டு, ஆவணமில்லாதவரை 'தெரிந்தே' வேலைக்கு வைத்தால் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். அந்த ஒரு சொல்லில்தான் ஓட்டை. காட்டிய ஆவணம் பார்வைக்கு அசலாகத் தெரிந்தால் முதலாளி தப்பித்துக்கொள்ளலாம். போலி அட்டைத் தொழில் செழித்தது. 1990-களில் எல்லைக் காவல் இறுகியதும் கடத்தல்காரர்களின் கட்டணம் ஏறியது. ஒருமுறை கடந்தவர்கள் திரும்பிப் போகும் துணிச்சலை இழந்தார்கள். முதலாளியைச் சோதிக்காமல் எல்லையை மட்டும் சோதிக்கும் எந்தச் சட்டமும் இங்கேதான் வந்து நிற்கும்.

கேள்வி: ஆபத்தான படகுப் பயணத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள். அதைவிடக் குறைந்த செலவில் விமான டிக்கெட் எடுத்து, இறங்கிய இடத்தில் அடைக்கலம் கேட்கக் கூடாதா?

பதில்: விமானத்தில் ஏறவே முடியாது. விசா இல்லாத பயணியை ஏற்றி வந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001-ஆம் ஆண்டு உத்தரவுப்படி விமான நிறுவனத்துக்கு ஓர் ஆளுக்குக் குறைந்தது 3,000 யூரோ அபராதம். திருப்பி அழைத்துப் போகும் செலவும் அதன் தலையில். அகதிகளுக்கு விலக்கு உண்டு என்று சட்டம் சொன்னாலும், புறப்படும் ஊரில் போர்டிங் பாஸ் தரும் ஊழியர் ஒருவரை அகதி என்று எப்படி முடிவு செய்வார்? சந்தேகம் என்றால் இறக்கிவிடுவார். அடைக்கலம் கேட்கப் போகிறேன் என்று தூதரகத்தில் சொன்னால் சுற்றுலா விசாவும் கிடைக்காது. அந்த நாட்டு மண்ணில் கால் வைத்த பிறகுதான் பெரும்பாலும் மனுவே போட முடியும். கால் வைப்பதற்கான நேர்வழிகளோ அடைபட்டிருக்கின்றன. கடத்தல்காரர்களுக்கு வாடிக்கையாளரை உண்டாக்குவது இந்த முரண்தான்.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறோம். 1951 அகதிகள் உடன்படிக்கை ஏற்கும் காரணங்கள் ஐந்தே: இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து. பசியோ பொதுவான போரோ அதில் இல்லை. போரிலிருந்து தப்பியவர்களுக்கு வேறு ஏற்பாடுகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் எழுதி வைத்த தற்காலிகப் பாதுகாப்பு விதியை முதன்முதலாக எடுத்தது 2022 மார்ச்சில், உக்ரைனியர்களுக்காக. மனம் இருந்தால் சில நாட்களில் கதவு திறக்கும் என்பதற்கு அது சான்று.

கேள்வி: கடல் மட்டம் உயர்ந்து தீவு மூழ்கினால் அந்த மக்கள் அகதிகளா?

பதில்: இப்போதைய உடன்படிக்கைப்படி இல்லை. தனி ஒப்பந்தம்தான் வழி. ஆஸ்திரேலியாவும் துவாலுவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேறலாம். நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 10,000.

கேள்வி: தென்கொரியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போனால் 4 ஆண்டு 10 மாதம்தான் இருக்க விடுகிறார்களாம். அது என்ன கணக்கு? 5 ஆண்டாகத் தரக் கூடாதா?

பதில்: 5 ஆண்டு தொடர்ந்து வசித்திருப்பது குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதற்கான முக்கிய நிபந்தனைகளில் ஒன்று. அதைத் தவிர்க்கத்தான் அந்த இரண்டு மாதம். முதலில் 3 ஆண்டு, பிறகு முதலாளி கேட்டுக்கொண்டால் 1 ஆண்டு 10 மாத நீட்டிப்பு. நிபந்தனைகளுக்கு உட்பட்ட சிலர் வெளியேறிவிட்டு மறுபடி அதே அளவு காலத்துக்கு வரலாம். அப்போது வருடக் கணக்கு புதிதாகத் தொடங்கும். குடும்பத்தை அழைத்து வர அனுமதி இல்லை. ஒருவருடைய பத்தாண்டு உழைப்பு வேண்டும், அவர் அங்கே வேர்விடக் கூடாது என்ற எண்ணம் இதைவிடப் பச்சையாக எந்த விதியிலும் தெரியாது.

2004-இல் தொடங்கிய இந்த முறையில் ஒரு பெரிய நன்மையும் உண்டு. அரசும் அரசும் நேரடியாகச் செய்துகொண்ட ஒப்பந்தம். கொரிய மொழித் தேர்வு எழுதிப் பட்டியலில் பெயர் வர வேண்டும். தனியார் ஏஜென்ட்டுக்கு இடமில்லை. அதனால் பெருங்கடனோடு போக வேண்டியதில்லை. கடன் இல்லாதவர் மோசமான முதலாளியிடம் பேச முடியும். சிக்கல், இடம் மாறுவதில். முதல் 3 ஆண்டில் பொதுவாக மூன்று முறைதான் வேலையிடம் மாறலாம். சம்பளப் பாக்கி, தொழிற்சாலை மூடல், வன்முறை போன்ற காரணங்களுக்காக மாறுவது அந்தக் கணக்கில் சேராது, ஆனால் காரணத்தைக் காட்ட வேண்டும். சம்பளம் தராததற்கு வங்கிக் கணக்கு விவரமும், செய்த வேலை நேரத்துக்குத் தேதிவாரியாகச் சொந்தக் குறிப்பும் இல்லாதவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள்.

கேள்வி: எனக்கு வயது 29, திருமணம் ஆகவில்லை. முதுகலை, 4 ஆண்டு அனுபவம். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் கேட்டலில் 7.5, மற்ற மூன்றிலும் 6.5. கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு (புள்ளி போட்டு, நிரந்தரமாகக் குடியேற ஆள் தேர்ந்தெடுக்கும் முறை) 30 வயது ஆவதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும் என்று ஏஜென்ட் அவசரப்படுத்துகிறார். செய்யலாமா?

பதில்: வயதுக்காக அவசரப்பட வேண்டாம், மொழித் தேர்வை மறுபடி எழுதுங்கள். மணமாகாதவருக்கு 29 வயதில் 110 புள்ளி, 30-இல் 105. இழப்பு 5 புள்ளிதான். (35-இல் 77, 40-இல் 50, 45-இல் பூஜ்யம்.) உங்கள் மதிப்பெண் கனடிய மொழி அளவுகோலில் 8-ஆம் நிலை. கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வாங்கினால் 9-ஆம் நிலை. ஒவ்வொரு திறனுக்கும் 23 புள்ளி 31 ஆகும்; நான்குக்கும் சேர்த்து 32 கூடும். அதோடு மொழியையும் படிப்பையும் இணைத்துத் தரும் புள்ளி 25-லிருந்து 50 ஆகும், மொழியையும் வெளிநாட்டு அனுபவத்தையும் இணைத்துத் தருவதும் அப்படியே. ஆக மொத்தம் 82 புள்ளி, ஒவ்வொரு திறனிலும் அரை பேண்ட் (மதிப்பெண்) உயர்த்துவதற்கு. நான்கில் ஒன்று தவறினாலும் அந்த 50 புள்ளி வராது என்பதை மறக்காதீர்கள்; பலருக்கு எழுத்துத் தேர்வில் 6.5 வந்து எல்லாம் நின்றுபோகிறது.

எழுத வேண்டியது ஜெனரல் டிரெயினிங் தேர்வு. மேற்படிப்புக்கான அகாடமிக் தேர்வு செல்லாது. மதிப்பெண் 2 ஆண்டுக்கும், உங்கள் பட்டம் கனடாவில் எதற்குச் சமம் என்று காட்டும் மதிப்பீட்டுச் சான்று 5 ஆண்டுக்கும் செல்லும். அழைப்பு வந்தால் 60 நாளில் எல்லா ஆவணங்களையும் ஏற்ற வேண்டும். அந்த நாட்களில் அனுபவச் சான்றுக்காக அலைபவர்கள்தான் தடுக்கி விழுகிறார்கள். பதவி, சேர்ந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்த பணிகளின் பட்டியல் எல்லாம் நிறுவனக் கடிதத்தாளில் இருக்க வேண்டும். "இவர் எங்களிடம் பணியாற்றினார்" என்ற இரண்டு வரிச் சான்று போதாது. இப்போதே வாங்கி வையுங்கள். 'ஜாப் ஆஃபர்' வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், அதற்கான கூடுதல் புள்ளிகளைக் கனடா 2025 மார்ச்சில் நீக்கிவிட்டது என்று சொல்லுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தில் ஒரே பதவி. வேறு நாட்டில் பிறந்தவருக்குச் சீக்கிரம் கிரீன் கார்டு வருகிறது, இந்தியாவில் பிறந்தவர் பல ஆண்டு காத்திருக்கிறார். ஏன்?

பதில்: வேலை அடிப்படையில் ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டு, அதுவும் மனைவி, கணவர், பிள்ளைகளையும் சேர்த்து. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. பெரிய நாட்டுக்கும் சின்னத் தீவுக்கும் ஒரே உச்சவரம்பு. இந்தியாவில் பிறந்து விண்ணப்பிப்பவர்கள் அந்த வரம்பைவிட மிக அதிகம், அதனால்தான் அவர்கள் வரிசை நீள்கிறது. பார்ப்பது பிறந்த நாட்டை, இப்போதைய குடியுரிமையை அல்ல. ஆனால் வாழ்க்கைத் துணை வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டு வரிசையில் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. வழக்கறிஞரிடம் இதை முதலிலேயே கேளுங்கள்.

கேள்வி: பிரிட்டனில் முதியோர் பராமரிப்பு வேலை, ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்குத் தனியாகப் பெருந்தொகை கட்ட வேண்டும் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் வழியை 2025 ஜூலை 22-ஆம் தேதி பிரிட்டன் மூடிவிட்டது. பதிவுபெற்ற செவிலியர்களுக்கான வழி வேறு, அது இருக்கிறது.

வேறு வேலைக்குப் போகிறவர்களும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தச் சான்றிதழ் காகிதமே அல்ல. உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் அரசின் இணையதளத்தில் உருவாக்கும் ஒரு பதிவு, அதற்கு ஓர் எண். வழங்கிய 3 மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. பெயர் அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. சான்றிதழில் உள்ள வேலைக் குறியீடு, சம்பளம், வேலை நேரம் மூன்றும் உங்கள் ஒப்பந்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். உரிமக் கட்டணத்தையும் சான்றிதழ் கட்டணத்தையும் தொழிலாளியிடம் வசூலிக்க நிறுவனத்துக்கு அனுமதி இல்லை. நிறுவனத்தின் உரிமம் பறிக்கப்பட்டால் புதிய ஸ்பான்சரைத் தேட தொழிலாளிக்கு வழக்கமாகக் கிடைப்பது 60 நாள்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் மீதியைக் கட்டாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், வங்கிப் பரிமாற்ற ரசீது, ஏஜென்ட்டின் பதிவு எண் ஆகியவற்றோடு காவல்துறையில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், "நான் கொடுத்த தொகைக்கு ரசீது அனுப்புங்கள்" என்று இன்றே ஒரு செய்தி அனுப்பி, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.