மகள் 'சவுண்ட்' படிக்கப் போகிறேன் என்கிறாளா? மூன்று மாதம் இதைச் செய்து பார்க்கட்டும்

இ.சி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள் ஒலியியலில் மேற்படிப்பு என்றதும், ரெக்கார்டிங் தியேட்டரில் போய் நிற்பாளோ என்று கவலைப்படுகிறீர்கள். அவள் சொல்வது தகவல் தொடர்பு ஒலியியல். பேச்சு வாயிலிருந்து கிளம்பி, அறையையும் மைக்கையும் போன் லைனையும் கடந்து இன்னொருவர் காதில் விழும்வரை என்னென்ன ஆகிறது என்கிற படிப்பு. காது கேட்கும் கருவி, ஹெட்போன், காருக்குள் கைபடாமல் பேசும் வசதி, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் எல்லாம் இதில் அடக்கம். சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு இந்திய மொழிப் பேச்சில் வேலை செய்கிறது. ஜெர்மனியில் ஆகன், ஓல்டன்பர்க் பல்கலைக்கழகங்கள் கேட்டல் சார்ந்த ஆய்வுக்குப் பெயர் பெற்றவை.

பணம் கட்டுமுன் அவளுக்கு இது ஒத்துவருமா என்று பார்த்துவிடலாம். வீட்டு லேப்டாப், வயர் உள்ள ஹெட்போன், இலவசமாகக் கிடைக்கும் பைத்தான் நிரல்மொழி, அதில் எழுதி அங்கேயே ஓட்டிப் பார்க்க உதவும் ஜூபிட்டர் நோட்புக் என்ற மென்பொருள் போதும். புளூடூத் ஹெட்செட் வேண்டாம். அதன் மைக்கைத் திறந்ததும் அது போன் பேசும் முறைக்கு மாறி, ஒலியின் தரம் சட்டென்று இறங்கிவிடும். தவறு தன் நிரலில் என்று நினைத்து பிள்ளை இரண்டு நாள் தேடிக்கொண்டிருப்பாள். நோட்புக்கை லேப்டாப்பிலேயே ஓட்டட்டும். இணையத்தில் கிடைக்கும் கூகுள் கோலாபில் நிரல் ஓடுவது எங்கோ உள்ள கணினியில், அதற்கு உங்கள் வீட்டு மைக் தெரியாது.

பழக்கம் ஒன்றுதான். நிரலை ஓட்டுமுன் என்ன கேட்கும் என்று ஒரு வரி எழுத வேண்டும். பிறகு கேட்க வேண்டும். கிராஃப் கடைசியில்தான். கிராஃபை முதலில் பார்த்துவிட்டால் காது அதற்கு ஒத்து ஊத ஆரம்பித்துவிடும்.

முதல் வாரம் நொடிக்கு 8000 சாம்பிள், அதாவது நொடிக்கு 8000 முறை ஒலியை எண்ணாக அளந்து வைக்கும் கணக்கில், 3000 ஹெர்ட்ஸ் ஒலியையும் 5000 ஹெர்ட்ஸ் ஒலியையும் உருவாக்கட்டும். இரண்டும் ஒரே சுருதியில் கேட்கும். 8000-ல் பாதியான 4000-க்கு மேல் உள்ளது மடிந்து கீழே வருவதுதான் காரணம். அடுத்து 800, 1000, 1200 ஹெர்ட்ஸ் மூன்றையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், அதில் இல்லாத 200 ஹெர்ட்ஸின் சுருதி கேட்கும். பழைய போன் லைன் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பாமலே அப்பாவின் 120 ஹெர்ட்ஸ் குரல் நமக்கு எப்படிப் புரிந்தது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. பிறகு இடது காதுக்குப் போகும் ஒலியை மட்டும் 0.6 மில்லிவினாடி, அதாவது நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் சுமார் 26 சாம்பிள், தாமதப்படுத்தினால் ஒலி வலப்பக்கம் நகரும்.

இங்கே சறுக்கும் இடங்கள் சில உண்டு. நோட்புக்கில் ஒலியைக் கேட்க உதவும் ஜூபிட்டரின் ஆடியோ பெட்டி சத்த அளவைத் தானாகச் சமன் செய்துவிடும். ஒலியைப் பாதியாக்கினாலும் அதே சத்தம்தான் வரும், அந்த அமைப்பை அணைக்க வேண்டும். அதே பெட்டி ஸ்டீரியோவை இரண்டு வரிசையாகக் கேட்கும், ஒலிக்கோப்பைப் படிக்க, எழுத உதவும் பைத்தானின் சவுண்ட்ஃபைல் நூலகமோ இரண்டு நெடுவரிசையாகக் கேட்கும். 16 பிட் முழு எண்ணாக வந்த இரண்டு ஒலிகளை அப்படியே கூட்டினால் அதன் உச்ச வரம்பான 32,767-ஐத் தாண்டி எதிர்மறைக்குச் சுற்றிவந்து கரகரக்கும். தசம எண்ணாக மாற்றிவிட்டுத்தான் கூட்ட வேண்டும். லிப்ரோசா என்ற இன்னொரு பைத்தான் நூலகம் எதுவும் சொல்லாமல் நொடிக்கு 22,050 சாம்பிளாக மாற்றி, ஸ்டீரியோவை மோனோவாக்கித் தரும். ஒவ்வொரு முறையும் வால்யூமைக் குறைத்துவிட்டு ஹெட்போனை மாட்டச் சொல்லுங்கள்; தசமப் புள்ளி ஒன்று இடம் மாறினாலும் அடி காதுக்குத்தான்.

இரண்டாம் மாதம் அறை. காலி வகுப்பறையில் பலூனை உடைத்துப் பதிவு செய்து, எதிர்முழக்க நேரத்தைக் கணக்கிட வேண்டும். ஒலி 60 டெசிபல் இறங்க ஆகும் நேரம் அது. நேரடியாக 60 கிடைக்காது, அதற்குமுன் மின்விசிறிச் சத்தம் குறுக்கே வந்துவிடும். ஒலி உச்சத்திலிருந்து -5 டெசிபலில் தொடங்கி -25 டெசிபல் வரை, அதாவது 20 டெசிபல் இறங்கும் நேரத்தை அளந்து மூன்றால் பெருக்குவதே வழக்கம். பதிவு, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பாக இருக்கட்டும். போனின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு ஓயும் ஒலியைத் தூக்கிவிடுவதால், அது வேலை செய்தால் அறை உண்மையைவிட முழங்குவதாகக் கணக்கு வரும். பிறகு அறையின் அளவையும் எதிர்முழக்க நேரத்தையும் இணைக்கும் சபைன் சூத்திரம்: 6×5×3 மீட்டர் அறையின் கன அளவு 90 கன மீட்டர். அதை 0.161-ஆல் பெருக்கி, அளந்த நேரம், உதாரணமாக 1.6 வினாடியால் வகுத்தால் ஒலியை உறிஞ்சும் பரப்பு சுமார் 9 சதுர மீட்டர். இன்னொரு 9 சேர்த்தால் நேரம் பாதியாகும். வாத்தியார் பேச்சு கடைசி பெஞ்சுக்கு ஏன் புரிவதில்லை என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரியும்.

மூன்றாம் மாதம் அவள் குரல். 'படம்', 'பாடம்' இரண்டையும் பதிவு செய்து உயிரொலியின் நீளத்தை மில்லிவினாடியில் அளக்கட்டும். 'வால், வாள், வாழ்' மூன்றையும் ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது நேரம் போகப் போக எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் படத்தில், பக்கம் பக்கமாக வைத்து, எது எங்கே பிரிகிறது என்று தேடட்டும். ஒரு தடவைக்கு எடுத்து அலசும் ஒலித்துண்டு, அதாவது சாளரம், 5 மில்லிவினாடி என்றால் நேரம் துல்லியமாகத் தெரியும், 30 என்றால் அதிர்வெண் துல்லியமாகத் தெரியும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

தினமும் ஒரு மணி நேரம் போதும், செமஸ்டர் பாடம் கெடாது. முடிவில் ஐந்தாறு நோட்புக்குகளை நிரல்களைப் பகிரும் கிட்ஹப் இணையதளத்தில் போட்டு, ஒவ்வொன்றிலும் தன் ஊகம் எங்கே தப்பியது என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி வைக்கட்டும். நேர்முகத் தேர்வில் பேச அதில் நிறைய இருக்கும். இரண்டாம் மாதக் கணக்கிலேயே அலுத்துவிட்டால் சண்டை போடாதீர்கள். சிக்னல் பிராசஸிங்கும் பைத்தானும் கைக்கு வந்திருக்கும், வேறு எந்தப் பக்கம் போனாலும் அவை வேண்டியவைதான்.